தூளிக்கு அடியில் ஒரு மெத்தை

முதுகுக்கும் குளிரும் என்பது எனக்கு முப்பத்தெட்டாவது வயதில்தான் தெரிந்தது. அதுவரை குளிர் காது வழியாகத்தான் உடம்புக்குள் நுழைகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அப்படிச் சொல்லித்தான் வளர்த்தார்கள். ஆகவே மலேசியாவின் கேமரன் மலையில் முதல்முறை தூளி கட்டிப் படுத்தபோது குரங்குக் குல்லா, மஃப்ளர், இரண்டு போர்வை என்று எல்லாவற்றையும் மேலே ஏற்றிக்கொண்டேன். காது இரண்டும் வெந்துபோக, முதுகு விறைத்துப் பல் தந்தியடிக்கக் விடியும்வரை கிடந்தேன்.

தூளி என்றதும் குழந்தைத் தூளி என்று நினைக்க வேண்டாம். இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டி வளர்ந்த ஆள் படுக்கிற நைலான் துணி அது. ஈப்போவில் நாங்கள் ஐந்து பேர் மாதம் ஒருமுறை அப்படிக் காட்டில் போய்த் தங்குவோம். அட்டை ஏறாது, ஈரம் அண்டாது, மறுநாள் எழுந்து சட்டியில் மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸ் கிளறிச் சாப்பிட்டுவிட்டு இறங்கிவிடலாம். எங்களில் அனுபவசாலியான லிம் காலையில் என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "எத்தனை போர்வை விரித்துப் படுத்தாலும் உன் எடையே அதை நசுக்கிவிடும். நசுங்கிய பஞ்சில் சூடு தங்காது. மெத்தை தூளிக்கு வெளியே, அடியில், தொட்டும் தொடாமலும் தொங்க வேண்டும்" என்றார். அவரிடம் வாத்து இறகு வைத்த ஒன்று இருந்தது, எங்கோ அயல்நாட்டிலிருந்து வரவழைத்தது. அடுத்த மலைப் பயணம் மார்ச்சில். அதற்குள் எனக்கும் ஒன்று தேற்றிவிட வேண்டும் என்ற நினைப்போடுதான் 2003 தை மாதம் மதுரைக்கு விமானம் ஏறினேன்.

போன காரியம் வேறு. என் பெரியப்பா மகள் தனம் அக்கா வில்லாபுரத்தில் இருக்கிறாள். அவள் மகள் அழகுமீனாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அக்காவுக்கு உடன்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது, ஆகவே கடல் கடந்து என் மடி போக வேண்டியிருந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருடம் காத்திருந்து அக்கா பெற்ற குழந்தை அது. நான் மட்டும் போனேன். என் மனைவி செல்விக்கு வேலையில் விடுப்புக் கிடைக்கவில்லை என்று சொல்லிவைத்திருந்தோம்.

முதல் நாள் முழுவதும் சாப்பாடும் கேள்வியும்தான். கறிதோசை ஒன்று இலைக்கு வரும், கூடவே ஒரு உறவினர் வருவார். எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள். "என்ன தம்பி, விசேஷம் ஏதும் உண்டா?" கல்யாணமாகி ஏழு வருடம் என்பதை என்னைவிடச் சரியாக அவர்கள் எண்ணி வைத்திருந்தார்கள். ஈப்போவில் இதை யாரும் முகத்துக்கு நேரே கேட்பதில்லை, முதுகுக்குப் பின்னால் பேசுவதோடு சரி. எது தேவலை என்று இன்னமும் எனக்குப் பிடிபடவில்லை. இரண்டாம் தோசைக்கு மேல் எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் காலையிலேயே தூளியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு புதுமண்டபத்துக்குப் போனேன். மீனாட்சி கோவிலுக்கு எதிரே, கல்தூண்களுக்கு நடுவே, வரிசையாகத் தையல் மிஷின்கள். வெள்ளைக்காரர்கள் போட்டிருக்கிற சட்டையைக் கழற்றிக் கொடுத்தால் மாலைக்குள் அதே மாதிரி நாலு தைத்துக் கொடுத்துவிடுவார்கள். அந்தத் தைரியத்தில்தான் போனேன். ஒரு தையல்காரரிடம் தூளியை விரித்துக் காட்டினேன். நீளத்தை அளந்தார், அகலத்தை அளந்தார், பிறகு என்னை அளந்தார்.

"யாருக்குண்ணே இது?"

"எனக்குத்தான்."

"நீங்களா தூளியில படுப்பீங்க? இம்புட்டு உசரத்த வச்சுக்கிட்டா?"

பக்கத்து மிஷின்காரரிடம் ஏதோ சௌராஷ்டிர மொழியில் சொன்னார். அந்த வரிசையே குலுங்கியது. என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லண்ணே, தொட்டில் புள்ளைக்கு மீசை மொளச்சிருக்குன்னேன்" என்று மொழிபெயர்த்துச் சொன்னார். நானும் சிரித்துவைத்தேன். தூளியை அவசரமாகப் பைக்குள் திணித்தேன். வீடு வாசல் இருந்தும் இரண்டு மரத்துக்கு நடுவே தொங்கப் பிரியப்படுகிற மனுஷனை இந்த ஊரில் எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. இனி யாரிடமும் தூளியைக் காட்டுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த முடிவுதான் ஆரம்பம்.

வெளியே வந்து ஒரு தள்ளுவண்டியில் பருத்திப்பால் குடித்தேன். வெல்லமும் சுக்கும் தொண்டையில் இறங்கியதும் கொஞ்சம் மானம் திரும்பியது. பயன்பாட்டைச் சொல்லாமல் பொருளை மட்டும் வாங்குவது என்று கிளம்பி, மதியத்துக்குள் மூன்று சாமான் சேர்த்துவிட்டேன். முதலாவது, ஒரு ஸ்பாஞ்சு விரிப்பு. இரண்டாவது, ஏசி அறையில் போர்த்திக்கொள்கிற வழவழப்பான நார்ப்பஞ்சுப் போர்வை. மூன்றாவது, மெத்தைக் கடையில் சொல்லித் தைத்த மெல்லிய இலவம்பஞ்சு மெத்தை, கூடவே உபரியாக ஒரு பை இலவம்பஞ்சு. மூன்றின் நாலு மூலையிலும் நானே கயிறு கோத்தேன்.

மதுரையில் குளிருக்கு எங்கே போவது? மூன்றாம் நாள் மதியம் அக்காவும் அவள் வீட்டுக்காரர் ராசு மச்சானும் பத்திரிகை வைக்கப் போயிருந்தார்கள். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டித் தூணுக்கும் துணி காயப்போடும் இரும்புக் கம்பத்துக்கும் நடுவே தூளியைக் கட்டினேன். கீழே தரையில் ஈரச் சாக்கை விரித்து, அதன் மேல் மேசை விசிறியை வானம் பார்க்க மல்லாத்தி வைத்து, முழு வேகத்தில் ஓடவிட்டுப் படுத்தேன். எதிர்வீட்டு மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் காயப்போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

ஸ்பாஞ்சு வளையவே இல்லை. தூளி வளைந்த இடத்தில் அது பலகையாக நின்றது, இரண்டு பக்கமும் காற்று புகுந்து விளையாடியது. நார்ப்பஞ்சுப் போர்வை நடுவில் தொய்ந்து தூளியை விட்டு ஒரு சாண் இறங்கிவிட்டது. அந்த இடைவெளியில் விசிறிக் காற்று குடித்தனம் நடத்தியது. கயிற்றை இழுத்துக் கட்டினால் முதுகோடு ஒட்டி நசுங்கியது. இலவம்பஞ்சுதான் உடம்புக்கு ஏற்றதாகத் தெரிந்தது, ஆனால் தொங்கவிட்டதும் பஞ்செல்லாம் வழிந்து நடுவில் உருண்டையாகத் திரண்டது. ஓரங்களில் வெறும் துணி. பஞ்சு சரி, தையல்தான் தப்பு. கட்டம் கட்டமாகத் தைத்துப் பஞ்சை அங்கங்கே நிறுத்த வேண்டும், மேல்துணி தூளியோடு சேர்ந்து வளைகிற மாதிரி மிருதுவாக இருக்க வேண்டும் என்று தெளிந்தபோது கரண்ட் போனது.

விசிறி நின்றதால்தான் படியில் கொலுசுச் சத்தம் கேட்டது. புதுமண்டபத்துச் சிரிப்பு ஞாபகம் வந்து, தூளியை அவிழ்த்துத் தொட்டிக்குப் பின்னால் திணித்தேன். மெத்தையைத் திணிக்க நேரமில்லை. அக்கா அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடா இது, நாலு மூலையிலயும் கயிறு? தொட்டிலுக்குப் போடுறதா?"

நான் தொட்டியை மறைத்து நின்றேன். அக்கா என் முகத்தையே பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"தம்பி... செல்விக்கா? நெசமாவாடா?"

"ஆமாக்கா."

"எத்தன மாசம்?"

"நாலு."

ஏன் சொன்னேன்? தூளியில் படுக்கிறேன் என்று சொல்ல வெட்கம். இரண்டு நாளாக விசேஷம் உண்டா என்ற கேள்விக்குத் தலையைச் சொறிந்த அலுப்பு. அக்காவின் முகத்தில் வந்த அந்த வெளிச்சத்தை அணைக்க மனசில்லை என்றும் என்னிடம் நானே சொல்லிப் பார்த்தேன், அது பொய். ஆனால் நாலு என்று ஏன் வாயில் வந்தது என்பது எனக்குத் தெரியும். முந்தைய வருடம் செல்விக்கு நாலாம் மாதத்தில்தான் கலைந்தது. ஊரில் யாருக்கும் நாங்கள் சொல்லவில்லை. அவள் மதுரைக்கு வராததற்கு விடுப்பு காரணமே அல்ல.

"மூணு முடிஞ்சிருச்சுல்ல, இனிமே வெளிய சொல்லலாம்" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கடை மெத்தையை ஓரமாகத் தள்ளினாள். "பச்சப்புள்ளைக்கு யாராச்சும் கஞ்சி போட்ட துணியில மெத்த வாங்குவாகளா? நான் தைச்சுத் தாரேன்." பீரோவைத் திறந்து ஒரு சுங்குடிச் சேலையை எடுத்து வந்தாள். அரக்கு நிறம், வெள்ளைப் புள்ளி, துவைத்துத் துவைத்துப் பூ மாதிரி ஆகியிருந்தது. "அழகுமீனா ரெண்டு வருசம் இதுலதான் தூங்குனா. ராசியான சேலடா. ஒன் புள்ளைக்கு ஆகட்டும்."

கத்தரிக்கோல் அதில் ஓடுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நிறுத்தச் சொல்ல எனக்கு முழுதாக ஒரு நிமிடம் இருந்தது.

இதைவிடக் கேவலம், நான் அளவு சொன்னேன். தோளிலிருந்து முழங்கால் வரை எனக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. "எதுக்குடா இம்புட்டு நீளம்?" என்று அவள் கேட்டபோது, "அங்கே ஸ்பிரிங் தொட்டில்க்கா, பெரிசா இருக்கும்" என்றேன். ஸ்பிரிங் தொட்டில் எங்கள் ஊரில் உண்டுதான், அதில் ஆறடிக் குழந்தை படுப்பதில்லை. கட்டம் கட்டமாகத் தைக்கச் சொன்னேன். பஞ்சு இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னேன். அக்கா இரண்டு நாள் காதுகுத்து வேலைகளுக்கு நடுவே உட்கார்ந்து கையாலேயே நுணுக்கமாகத் தைத்தாள். கடைசியில் நடு மத்தியில், குழந்தையின் முதுகு படும் இடத்தில், ஒரு துண்டு வசம்பை உள்ளே வைத்து மூடித் தைத்தாள். "காத்துக்கருப்பு அண்டாதுடா" என்றாள்.

அவள் கடைக்குப் போன நேரத்தில் மாடியில் கட்டிப் பார்த்தேன். தூளியின் வளைவுக்கு அப்படியே பொருந்தியது. விசிறி எவ்வளவு சுற்றியும் ஒரு பொட்டுக் காற்று முதுகுக்கு ஏறவில்லை. லிம்மின் வாத்து இறகு இதற்கு உறை போடக் காணாது என்று படுத்தபடியே சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு முகம் சுடுகிறது.

ஐந்தாம் நாள் வேன் வைத்து அழகர்கோவில் போனோம். மரத்தடிக்கு மரத்தடி ஒரு குடும்பம், ஒரு அடுப்பு, ஒரு மொட்டைத் தலை. குரங்கு ஒன்று எங்கள் வாழைப்பழச் சீப்பை ராசு மச்சான் கையிலிருந்தே வாங்கிக்கொண்டு போனது. "நம்ம சொந்தக்காரந்தான் மாப்ள, விடுங்க" என்றார். குழந்தையை மடியில் இருத்திக்கொண்டேன். சந்தனமும் மொட்டைத் தலையுமாக, அவள் என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். ஆசாரி கம்பியை எடுத்ததும் வீறிட்டாள். அழுகைக்கு நடுவே என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தாய்மாமன் மடி என்பது இதற்குத்தானா என்று நினைத்தபடி அவளை இறுக்கிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "அடுத்த காதுகுத்து மலேசியாவுலதான்! எந்தம்பி பொண்டாட்டிக்கு நாலு மாசம்!" குலவை போட்டார்கள். விசேஷம் உண்டா என்று கேட்ட அத்தனை பேரும் வரிசையாக வந்து என் தலையில் கை வைத்தார்கள். ஒரு அத்தை தன் கையிலிருந்த கண்ணாடி வளையலைக் கழற்றிச் செல்விக்கென்று கொடுத்தாள். கிடாக்கறிச் சோறு இலையில் ஆவி பறந்தது. நான் குனிந்தபடி சாப்பிட்டேன், வெட்கப்படுகிறான் என்று சிரித்தார்கள். வெட்கம்தான்.

திரும்பும் வழியில் அப்பன்திருப்பதி தாண்டியதும் டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்றில்லை. டிரைவர் டயரை உருட்டிக்கொண்டு போக, நாங்கள் புளியமர நிழலில் இறங்கி நின்றோம். சாலைக்கு அந்தப் பக்கம் மஞ்சள் பலகை போட்ட ஒரு டெலிபோன் பூத். வெளிநாட்டுக்கும் பேசலாம் என்று எழுதியிருந்தது. அதை நான் பார்த்த அதே நேரம் அக்காவும் பார்த்தாள்.

"நம்பரச் சொல்லு. அந்தப் புள்ளகிட்ட நானே பேசுறேன்."

"இப்ப அங்கே ராத்திரிக்கா, தூங்கியிருப்பா" என்றேன். "ரெண்டரை மணி நேரந்தான வித்தியாசம், எனக்குத் தெரியாதாக்கும்" என்று இழுத்துக்கொண்டு போனாள். நம்பரை நான்தான் சொன்னேன். ஒரு எண்ணை மாற்றிச் சொல்லியிருக்கலாம் என்பதுகூட அப்போது தோன்றவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். அக்காவுக்கு எப்போதும் உரத்த குரல். "செல்வி! நான் தனம் பேசுறேன்த்தா... எங்ககிட்டல்லாம் சொல்ல மாட்டீகளோ? நாலு மாசமாமே!" பிறகு அவள் பேச்சு நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று அக்கா சிரித்தாள். "அப்புடியா... வாந்தி நின்னுருச்சா? ம்... ம்... நல்லாத் தூங்குத்தா. வெயிட்டு தூக்காத." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரிசீவரை என்னிடம் நீட்டினாள்.

செல்வியின் குரல் சாதாரணமாக இருந்தது. "வாந்தி நின்னுருச்சான்னு கேட்டாங்க. நின்னுருச்சுன்னு சொல்லிட்டேன்."

"செல்வி, நான்..."

"வேற என்ன சொல்றது? உங்க மானம் போயிருமே." கொஞ்சம் மூச்சு விட்டாள். "போன வருஷமும் நாலுதாங்க." வைத்துவிட்டாள்.

வேனில் மீதி வழி முழுக்க அழகுமீனா என் மடியில் தூங்கினாள். காது வீங்கியிருந்தது. ஊரில் இருக்கிற யாரையும்விட ஈப்போவில் தனியாக உட்கார்ந்திருக்கிற ஒருத்திக்குத்தான் நான் துரோகம் செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்காவிடம் சொல்லாமல் விமானம் ஏறினால் இந்தப் பொய்யைச் செல்விதான் மாதாமாதம் சுமக்க வேண்டியிருக்கும். அஞ்சாம் மாதம், ஆறாம் மாதம், வளைகாப்பு என்று அக்கா பேசிக்கொண்டே இருப்பாள்.

மறுநாள் காலையில் கிளம்ப வேண்டும். அக்கா அடுப்படியில் நார்த்தங்காய் ஊறுகாயைப் பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்தாள், செல்விக்கு. நான் தூளியைப் பையிலிருந்து எடுத்து அவள் முன்னால் வைத்தேன். வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மலை, குளிர், புதுமண்டபம், மேசை விசிறி. போன வருடம் நடந்ததையும் சொன்னேன். கரண்டியைக் கையில் பிடித்தபடி அக்கா கேட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். சேலையைப் பற்றிக் கேட்பாள் என்றும் நினைத்தேன்.

"அந்தப் புள்ளகிட்டப் போயி வாந்தி நின்னுருச்சான்னு கேட்டேனேடா" என்றாள். "என்னைய இப்புடிக் கேக்க வச்சிட்டியேடா."

பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடினாள். பதினோரு வருடம் 'விசேஷம் உண்டா' என்ற கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தவள் அவள்.

பிறகு உள்ளே போய் ஒரு பிளேடு எடுத்துவந்தாள். என் பெட்டியைத் திறந்து மெத்தையை வெளியே இழுத்து, நடுவில் விரலால் தடவிப் பார்த்து, தையலை அறுத்தாள். வசம்புத் துண்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இது புள்ளைக்கு வச்சது. எங்கிட்ட இருக்கட்டும். என்னிக்காச்சும் செல்வி கேட்டா தாரேன். நீ கேக்காத."

மெத்தையைச் சுருட்டி என் மேல் போட்டாள். "இதக் கொண்டுபோ. ஒன் அளவுக்குத்தான தைச்சிருக்கேன்."

ராசு மச்சான் மொபட்டில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட்டார். விஷயம் அவருக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை, வழியெல்லாம் அந்தக் குரங்கைப் பற்றியே பேசினார். "போயிட்டு வாரேன்க்கா" என்று நான் சொன்னபோது அக்கா வாசலுக்கு வரவில்லை. ஊறுகாய் பாட்டில் மட்டும் பெட்டிக்குள் இருந்தது. எப்போது வைத்தாள் என்று கவனிக்கவில்லை.

ஈப்போவில் செல்வி பெட்டியை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வளையலைத் தனியாக எடுத்து வைத்தாள். மெத்தையை மடியில் விரித்துக் கட்டங்களை விரலால் எண்ணிக்கொண்டே வந்தவள் நடுவில் நின்றாள்.

"இங்கே என்ன இருந்துச்சு?"

சொன்னேன். அந்தப் பிரிந்த இடத்தில் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தாள். தைத்துவிடலாம் என்று நான் ஊசியை எடுத்து வந்தேன். "வேணாம், அக்கா பிரிச்ச மாதிரியே இருக்கட்டும்" என்று மடித்து என் கையில் கொடுத்தாள்.

மார்ச்சில் மலைக்குப் போகவேண்டாமென்றுதான் இருந்தேன். போகச் சொன்னது செல்விதான். லிம் அடிமெத்தைக்குள் கையை விட்டு அழுத்திப் பார்த்து, இறகுக்குக் கொஞ்சமும் குறையில்லை என்றார், எங்கே வாங்கினாய் என்று கேட்டார். வாங்கவில்லை என்றேன். படுத்ததும் தோளிலிருந்து முழங்கால் வரை கதகதப்பாக இருந்தது. அக்கா பிரித்த இடத்தில் பஞ்சு விலகியிருக்க வேண்டும். நடுமுதுகில் ஒரு விரல் அகலத்துக்கு, அங்கே மட்டும், விடியும்வரை குளிர்ந்துகொண்டே இருந்தது.